முப்பத்தேழாம் டோக்கன்

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். அந்தக் கணக்கில் பார்த்தால் முப்பத்தேழு இத்தனை நாள் பிழைத்திருந்ததே பெரிய விஷயம். கடைக்காரன் அழுகின தக்காளியைப் பொறுக்கிப் போட்டாலும் வாயைத் திறக்கமாட்டாள். வீட்டுக்கு வந்து தக்காளியோடு சண்டை போடுவாள்.

முப்பத்தேழு என்பது அவள் வயதல்ல, டோக்கன் நம்பர். பெற்றவர்கள் வைத்த பெயர் அடையாள அட்டையில் பத்திரமாக இருந்தது. மேட்டுக் குடியிருப்பில் யாரும் அதை எடுத்துப் புழங்கவில்லை. கட்டின கணவனே சில சமயம், "ஏய் முப்பத்தேழு, என் சட்டை எங்க?" என்றுதான் கேட்பான்.

அந்த நம்பர் வந்த கதை இது. மேட்டுக் குடியிருப்புக்குப் பஸ் கிடையாது. வேலை எல்லாம் கீழே நகரத்தில். விடியும் முன்னே அலுவலகங்களைக் கூட்டித் துடைக்கிறவர்கள், ஆஸ்பத்திரியில் துணி துவைக்கிறவர்கள், தைத்த மூட்டையைக் கடைகளுக்குச் சுமக்கிறவர்கள் என்று எல்லோரும் மூன்று கிலோமீட்டர் இறங்கிப் போய்த்தான் மெயின் ரோட்டில் பஸ் பிடிக்க வேண்டும். பாதி வேலைகளுக்கு அதனாலேயே போக முடியாது. பஸ் கேட்டு மனு கொடுத்தார்கள். மனு எண் 417. போக்குவரத்து அலுவலகத்தில் செவ்வாய்க்கிழமைதோறும் குறை கேட்பார்கள். நாலாம் கவுண்டர், காலை பத்திலிருந்து ஒரு மணி வரை.

மனுவில் கையெழுத்துப் போட்ட முப்பத்தேழு பெண்களும் போனார்கள். மற்றவர்கள் அங்கே காத்திருக்கும்போது கொட்டாவி விட்டார்கள். அவர்களுக்குத் தலைவி மாதிரி இருந்த தையல்காரம்மா மட்டும் சுவரிலிருந்த போர்டைப் படித்தாள். 'டோக்கன் பெற்ற ஒவ்வொருவரின் கேள்விக்கும் பதில் அளித்து, அப்பதிலைப் பதிவேட்டில் எழுத வேண்டும்' என்று போட்டிருந்தது.

"ஒவ்வொருவருக்கும்னு தானேடி போட்டிருக்கு? நாம முப்பத்தேழு பேரும் ஒவ்வொருவர்தானே?" என்றாள் அவள்.

அவ்வளவுதான். அடுத்த செவ்வாயிலிருந்து முப்பத்தேழு பெண்களும் காலை வேலை முடிந்த கையோடு போய் வரிசையாக முப்பத்தேழு டோக்கன் எடுத்தார்கள். 'டிங் டாங்' என்று மணி அடிக்கும், சிவப்பு எழுத்தில் நம்பர் விழும். ஒருத்தி எழுந்து போய், "மனு எண் நானூத்திப் பதினேழு என்னாச்சு சார்?" என்பாள். குமாஸ்தா பதிவேட்டைப் புரட்டி, 'பரிசீலனையில் உள்ளது' என்று சொல்லி, அதையே எழுதிக் கையெழுத்துப் போடுவார். மறுபடி 'டிங் டாங்'. அடுத்தவள் எழுந்து போய் அதே கேள்வியைக் கேட்பாள். தையல்காரம்மா ஒன்று. முப்பத்தாறு, நம்மவளின் நாத்தனார். கடைசியில் கூச்சத்தோடு ஒட்டிக்கொண்டு நின்ற நம்மவள் முப்பத்தேழு.

மூன்று மணி நேரம். ஆளுக்கு ஐந்து நிமிடம். வாய்ப்பாடு தெரிந்தவர்களுக்கு விஷயம் புரிந்திருக்கும். முப்பத்தாறாவது ஆள் நகர்ந்ததும் குமாஸ்தா 'உணவு இடைவேளை' என்ற பலகையைத் தூக்கி ஜன்னலில் வைப்பார். ஒரு வருஷம் பத்து மாசம் முப்பத்தேழு வரிசையில் நின்றாள். ஒரு தடவைகூடக் கேள்வி கேட்டதில்லை. ஒரே ஒருநாள் வாய் திறந்து "ம" என்றாள். பலகை வந்துவிட்டது. உண்மையைச் சொன்னால் அவளுக்கு அதில் வருத்தமில்லை. பலகை வரும்போதெல்லாம் தப்பித்தோம் என்றுதான் மூச்சு விடுவாள்.

அடி மேல் அடி வைத்தால் அம்மியும் நகரும். இங்கே நகர்ந்தது பதிவேடு. நாலாம் கவுண்டரில் மட்டும் ஏன் மாசத்துக்கு நாலு பதிவேடு தீருகிறது என்று மேலதிகாரி ஒருவர் விசாரிக்க வந்தார். பக்கம் பக்கமாக ஒரே வரி இருந்ததைப் பார்த்து மயக்கம் போடாத குறையாகத் திரும்பிப் போனார். இரண்டே மாசத்தில் மேட்டுக்குப் பஸ் வந்தது. காலை ஐந்து பத்துக்கு முதல் வண்டி. அந்த மணிச் சத்தம் மட்டும் அவர்கள் உடம்பைவிட்டுப் போகவில்லை. மேட்டில் ஒரு வீட்டுக்காரர் புதிதாக அழைப்பு மணி மாட்டி அழுத்திப் பார்த்தபோது, தெருவில் உட்கார்ந்திருந்த மூன்று பெண்கள் சட்டென்று எழுந்து நின்றார்கள்.

பஸ் வந்தபிறகுதான் முப்பத்தேழுக்கு அந்த வேலை கிடைத்தது. கண்ணாடி வைத்த உயரமான கட்டடம், நாலு மாடி கூட்டித் துடைப்பது அவள் பொறுப்பு. ஐந்தே முக்காலுக்குள் இயந்திரத்தில் கட்டை விரலை வைக்க வேண்டும். நேரத்துக்கு வந்தால் பச்சை, தாண்டினால் சிவப்பு. ஒரே மாசத்தில் மூன்று சிவப்பு விழுந்தால் வேலை இல்லை. மேற்பார்வையாளர் அதில் ரொம்பக் கறார். கறாராக இல்லாதது கையுறை விஷயத்தில் மட்டும்தான். கிழிந்ததை மாற்றிக் கொடுங்கள் என்று கேட்காமல் கேட்டு, அதாவது ஓட்டை விழுந்த விரல்களை அவர் கண்ணில் படுகிற மாதிரி ஆட்டிக் காட்டி, மூன்று மாசம் ஆகியிருந்தது.

அப்புறம் ஒருநாள் ஐந்து பத்துக்குப் பஸ் வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. பழுது என்றார்கள். பழுதான அந்த பஸ், புதிதாகத் திறந்த பெரிய கடைவளாகத்துக்குப் பளபளவென்று ஓடிக்கொண்டிருந்ததை நாத்தனாரே கண்ணால் பார்த்தாள். மறுபடி மனு போட்டார்கள். எண் 982. மறுபடி முப்பத்தேழு பேரும் போனார்கள். நாலாம் கவுண்டரில் புதுப் பலகை தொங்கியது: 'ஒரு குழுவுக்கு ஒரு டோக்கன்.' குமாஸ்தா பாவம், கண்ணைப் பார்க்காமலே, "மேலிடத்து உத்தரவும்மா" என்றார்.

ஆக, பஸ்ஸும் போயிற்று, வரிசையும் போயிற்று. முப்பத்தேழு நாலு மணிக்கே எழுந்து இருட்டில் இறங்கி நடந்தாள். முதல் வாரம் நாய் துரத்தியதில் ஒரு சிவப்பு. அடுத்த வாரம் இறக்கத்தில் கணுக்கால் புரண்டதில் இன்னொரு சிவப்பு. கால் பன் ரொட்டி மாதிரிப் புடைத்துவிட்டது. இன்னும் ஒரே ஒரு சிவப்புதான் பாக்கி.

இந்த அழகில்தான் விருது வந்தது.

கொண்டுவந்தவர் 'அறிக்கை'. நகரத்தில் ஒரு தொண்டு நிறுவனத்தில் வேலை பார்க்கும் ஒல்லிப் பிள்ளை அவர். மழை பெய்தால்கூட அதற்கொரு அறிக்கை எழுதுகிறவர் என்பதால் அந்தப் பெயர். பஸ் ஓடிக்கொண்டிருந்த காலத்தில் இவர்களைப் பற்றி எழுதிப் போட்டிருக்கிறார். இப்போது மேடு ஏறி ஓடி வந்ததில் மூச்சு வாங்க, தையல்காரம்மாவின் வாசலில் நின்று கடிதத்தைப் படித்தார்.

"வறுமைக் குறைப்புக்காகவும் வளர்ச்சிக்காகவும் உள்ளூர் மக்களே முன்னின்று நடத்திய கோரிக்கை இயக்கத்துக்கான சிறப்பு விருது!"

"பேரு நம்ம பஸ் ரூட்டைவிட நீளமா இருக்கே" என்றாள் நாத்தனார்.

"அக்கா, நமக்குத்தான்! நமக்கேதான்!"

அப்புறம் அங்கே நடந்ததை என்னவென்று சொல்ல? தலைகால் புரியவில்லை யாருக்கும். ஆஸ்பத்திரித் துணிக்காரி தையல்காரம்மாவைத் தூக்கிச் சுற்றினாள். ஒருத்தி வெந்துகொண்டிருந்த சோற்றை அடுப்பிலேயே விட்டுவிட்டு வந்ததால் தெரு முழுக்கத் தீய்ந்த வாசனை. அதற்கும் சிரித்தார்கள். பஸ் நின்றுபோனது இரண்டு நிமிடம் எல்லோருக்கும் மறந்தே போயிற்று.

"மேடையில ஒருத்தர் ஏறி வாங்கணும், மூணு நிமிஷம் பேசணும்" என்றார் அறிக்கை.

எல்லோரும் தையல்காரம்மாவைப் பார்த்தார்கள். அவளோ தலையாட்டினாள். "நம்மகிட்ட என்ன முறை? யாருக்கு முறை வரலையோ அவங்கதானே முதல்ல? இத்தனை நாள்ல கவுண்டர்ல ஒரு கேள்விகூடக் கேக்காத ஆளு ஒருத்திதான்."

முப்பத்தாறு தலைகளும் ஒன்றாகத் திரும்பின. முப்பத்தேழின் முகத்தில் ஈயாடவில்லை.

"ஐயோ, நானா? நான் மாட்டேம்பா. எனக்கு... எனக்குக் கால் வலி."

"பேசப்போறது காலா அண்ணி?" என்றாள் நாத்தனார். அதோடு முடிவாகிவிட்டது.

அறிக்கை குரலைத் தாழ்த்தினார். "இன்னொண்ணு அக்கா. விருதுக் குறிப்பில பஸ் ஓடிக்கிட்டிருக்குன்னு இருக்கு. விருதைக் குடுக்கப்போறதே போக்குவரத்து இயக்குநர்தான். நின்னுபோனதை அன்னைக்கு மட்டும் யாரும் சொல்ல வேணாம். சொன்னா விருதையே நிறுத்தினாலும் நிறுத்திடுவாங்க. முடியட்டும், அப்புறம் நானே போய்ப் பேசறேன்."

ஆளுக்கொரு பக்கம் பேசினார்கள். கடைசியில் தையல்காரம்மா, "கைக்கு வந்ததை முதல்ல வாங்கிக்குவோம். பஸ்ஸை அப்புறம் பார்ப்போம்" என்றாள். முப்பத்தேழுக்கு நெஞ்சு வரை வந்தது. 'அப்புறம்னா எப்ப? எனக்கு ஒரு சிவப்புதான் பாக்கி. அது விழுந்துட்டா அப்புறம் பஸ் வந்து நான் எங்க போக?' என்று கேட்க நினைத்தாள். வழக்கம்போல அது நெஞ்சிலேயே நின்றது.

பேச்சை அறிக்கையே எழுதிக் கொடுத்தார். வீட்டில் ஒத்திகை நடந்தது. பெயின்டரான அவள் கணவன் காலி பெயின்ட் டின்னைக் கவிழ்த்துப் போட்டு இயக்குநராக உட்கார்ந்தான். ஒரு பிரஷ்ஷை மைக் என்று அவள் முன்னால் நீட்டினான்.

"விளிம்புநிலை மக்களின் கூட்டுக் குரல் அதிகார மையங்களின் செவிப்பறையை எட்டியபோது..." என்று படித்தாள் அவள்.

"செவிப்பறைன்னா?"

"காதாம்."

"அப்ப காதுன்னே சொல்றதுக்கென்ன, காசா பணமா?" என்றான் இயக்குநர்.

ஏழு தடவை படித்தாள். ஏழு தடவையும் செவிப்பறையில் தடுக்கி விழுந்தாள். எட்டாவது தடவை அவளுக்கே சிரிப்பு வந்து, பிரஷ்ஷில் ஒட்டியிருந்த வெள்ளை மூக்கில் பட்டு, அன்றைய ஒத்திகை அத்தோடு முடிந்தது.

விருது நாள் மாலை நாலு மணிக்கு விழா. விழாக்காரர்கள் அனுப்பிய வேனில் பதிமூன்று பேர்தான் ஏற முடியும். மூன்று நடையாக இறங்கினார்கள். எங்கே போனாலும் முதல் ஆளாக நிற்கும் பழக்கம் யாரை விட்டது? இரண்டு மணிக்கே மண்டபக் கதவின் முன்னால் வரிசை தயார். கதவைத் திறந்த பெண் அசந்துபோனாள். மேசையில் உட்கார்ந்து, வருகிறவர்களுக்கு நம்பர் போட்ட அட்டையைக் கொடுத்தாள். சாப்பாட்டு மேசையில் உட்காரும் இடத்துக்கான நம்பர் அது.

"டோக்கன் குடுக்கறாங்கடி!" என்று ஒரு சந்தோஷக் குரல் வரிசை முழுக்க ஓடியது. ஒன்றிலிருந்து முப்பத்தேழு வரை அவரவர் நம்பர் அவரவருக்கே பிசகாமல் வந்தது. நல்ல சகுனம் என்று பேசிக்கொண்டார்கள்.

மண்டபம் குளுகுளுவென்று இருந்தது. நாற்காலிகள் உட்கார்ந்தால் உள்ளே வாங்கிக்கொண்டன. மேடையில் ஆறு பேர். நடுவில் சாம்பல் கோட்டுப் போட்டவர்தான் இயக்குநர் என்று அறிக்கை காட்டினார். முப்பத்தேழு பேச்சுத் தாளைக் கைக்குள் சுருட்டி வைத்திருந்தாள். வேர்வையில் அது ஈரமாகியிருந்தது. புடைத்த கால் விண்விண்ணென்றது. காலையில் எப்படி இறங்குவது என்ற கவலைதான் அவளுக்கு. மேடை இரண்டாவது கவலை.

முதல் விருது, இரண்டாவது, மூன்றாவது. கை தட்டினார்கள். யாரோ எதையோ பேசினார்கள். நாலாவதுதான் இவர்களுடையது. அறிவிப்பாளர் அம்மாள் விருதுக் குறிப்பை உருக்கமாகப் படித்து முடித்து, "இப்போது குழுவின் பிரதிநிதி மேடைக்கு வருவார்" என்றாள்.

அடுத்து நடந்ததற்கு யாரையும் குற்றம் சொல்ல முடியாது. விழாவைப் பகட்டாக நடத்த வேண்டும் என்று நினைத்த யாரோ ஒரு புண்ணியவான், மேடைக்குப் பின்னாலிருந்த பெரிய திரையில் விருதின் எண் வரும்போது ஒரு மணிச் சத்தமும் கேட்க ஏற்பாடு செய்திருந்தார். முதல் மூன்று விருதுக்கும் அந்த மணி வேலை செய்யவில்லை. நாலாவதுக்கு வேலை செய்தது.

'டிங் டாங்.'

திரையில் சிவப்பாக '4' விழுந்தது. நாலாம் கவுண்டர்! முப்பத்தேழு பெண்களும் கையில் அட்டையோடு ஒரே மூச்சில் எழுந்து நின்றார்கள். நின்ற பிறகுதான் மூளைக்கு விஷயம் போனது. அதற்குள் கால்கள் நடந்துவிட்டன. யாரும் யாரையும் முந்தவில்லை. ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசை நடைபாதையில் நீண்டு மேடைப் படியில் ஏறியது.

"ஒருத்தர்! ஒருத்தர்தான்!" என்று அறிக்கை பின்னாலிருந்து கிசுகிசுத்துக் கத்தினார். யார் காதில் விழும்?

இயக்குநர் நல்ல மனிதர்தான். முதலில் வந்த தையல்காரம்மாவிடம் சிரித்துக் கை நீட்டினார். அவளுக்கு முன்னால் ஒரு மேசை. மேசைக்கு அந்தப் பக்கம் ஓர் அதிகாரி. கையில் டோக்கன். ஒரு வருஷம் பத்து மாசப் பழக்கம் நாக்கில் உட்கார்ந்திருந்தது.

"மனு எண் தொள்ளாயிரத்து எண்பத்திரண்டு என்னாச்சு சார்?"

மேசையிலிருந்த மைக் அதை மண்டபத்தின் கடைசி நாற்காலி வரை கொண்டுபோய்ச் சேர்த்தது. தையல்காரம்மா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். பொத்தி என்ன பயன்?

"என்ன மனு அது?" என்றார் இயக்குநர்.

"மேட்டுக்கு பஸ் கேட்டு..."

"அந்த பஸ்தான் ஓடுதேம்மா!"

"ஓடுது சார். வேற ரூட்ல ஓடுது."

மண்டபத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். தையல்காரம்மா நகர்ந்தாள். இரண்டாவதாக நின்றவளுக்கு ஒன்றும் புரியவில்லை. தலைவியே கேட்டுவிட்டாள் என்றால் திட்டம் மாறிவிட்டது போலிருக்கிறது என்று நினைத்தாள். சந்தேகமே வேண்டாம் என்று நிமிர்ந்து நின்று கேட்டாள்.

"மனு எண் தொள்ளாயிரத்து எண்பத்திரண்டு என்னாச்சு சார்?"

மூன்றாவதும் கேட்டாள். நாலாவதும் கேட்டாள். ஐந்தாவதுக்கு இயக்குநர், "விசாரிக்கிறேன்மா" என்றார். பன்னிரண்டாவதுக்குத் தன்னை மறந்து, "பரிசீலனையில் இருக்கு" என்று சொல்லிவிட்டார். மண்டபம் கூரை பிய்ந்துகொண்டு போகிற மாதிரி சிரித்தது. பதினெட்டாவது ஆள் வாயைத் திறக்கும் முன்பே பதிலைச் சொன்னார். அவள் விடவில்லை. "இருங்க சார், இன்னும் நான் கேக்கலை" என்று சொல்லிவிட்டு முழுசாகக் கேட்டாள். இருபத்தைந்துக்கு மேல் கூட்டமே நம்பரைச் சேர்ந்து எண்ண ஆரம்பித்தது. முதலில் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்த அறிக்கை, முப்பதாவதுக்கு நாற்காலி மேல் ஏறி நின்று எண்ணிக்கொண்டிருந்தார்.

அறிவிப்பாளர் அம்மாளுக்குத்தான் நிலைகொள்ளவில்லை. கடிகாரத்தைப் பார்த்தாள், ஓரத்திலிருந்தவரிடம் கையைக் காட்டினாள். நாத்தனார், முப்பத்தாறு, தன் கேள்வியை ராகம் போட்டுக் கேட்டுவிட்டு நகர்ந்ததும் அந்த அம்மாள் மைக்கைப் பிடித்தாள்.

"நேரமின்மை காரணமாக, இப்போது தேநீர் இடைவேளை!"

மேலிருந்து மேடையின் துணித் திரை இறங்கத் தொடங்கியது.

முப்பத்தேழு கடைசிப் படியில் நின்றாள், ஒரு கால் மேலே, புடைத்த கால் கீழே. இடைவேளை. பலகை வந்துவிட்டது. வழக்கம்போல மூச்சு விட வேண்டிய நேரம். விட்டுவிட்டுத் திரும்பி நடக்க வேண்டியதுதான். வேன் ஏறி, வீட்டுக்குப் போய், விடியுமுன் எழுந்து இந்தக் காலை இழுத்துக்கொண்டு இறங்கி, ஐந்தே முக்காலைத் தவற விட்டு, விரலை வைத்தால் சிவப்பு. எல்லாம் ஒரு நொடியில் அவள் கண் முன்னால் வந்தது. அடிவயிற்றிலிருந்து எதுவோ புறப்பட்டது.

"மூடாதீங்க!"

மைக்கே இல்லாமல் அந்தச் சத்தம் மண்டபத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தது. திரை அவள் தலைக்கு ஒரு முழம் மேலே அப்படியே நின்றது. சிரித்துக்கொண்டிருந்த கூட்டம் கப்சிப். எல்லோரையும்விட அதிகமாகப் பயந்துபோனது அவள்தான். இவ்வளவு பெரிய குரல் இத்தனை நாள் எங்கே இருந்தது?

நொண்டிக்கொண்டே மேசைக்கு வந்தாள். பேச்சுத் தாளைப் பிரித்தாள். வேர்வையில் எழுத்தெல்லாம் கலைந்திருந்தது. செவிப்பறை மட்டும் மிச்சம். மனு எண்ணைச் சொல்லலாம் என்று பார்த்தால், முப்பத்தாறு தடவை கேட்ட எண் அந்த நேரம் பார்த்து மறந்து தொலைந்தது.

"சார், நான் முப்பத்தேழு" என்றாள். "ஒரு வருஷம் பத்து மாசம் உங்க ஆபீஸ் வரிசையில நின்னேன். என் முறை வரும்போது மூடிடுவாங்க. மனு என்னாச்சுன்னு நான் கேக்கலை சார். அதுக்குத்தான் முப்பத்தாறு பேருக்குப் பதில் சொல்லிட்டீங்களே. எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லுங்க. நாளைக்குக் காலைல அஞ்சு பத்துக்கு பஸ் வருமா, வராதா?"

இயக்குநர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவள் விடவில்லை. திறந்த குழாயை மூட அவளுக்கே தெரியவில்லை.

"வராதுன்னா இப்பவே சொல்லிடுங்க சார், நான் கிளம்பறேன். கால் வீங்கியிருக்கு. இப்ப நடக்க ஆரம்பிச்சாத்தான் காலைல வேலைக்குப் போய்ச் சேர முடியும். போய்ச் சேரலைன்னா வேலை போயிடும்."

இயக்குநர் அவள் காலைப் பார்த்தார். பிறகு கோட்டுப் பையிலிருந்து போனை எடுத்தார். மைக் பக்கத்திலேயே இருந்ததால் பணிமனையில் மணி அடிப்பது எல்லோருக்கும் கேட்டது.

"நான்தான் பேசறேன். நாளைக்குக் காலைல அஞ்சு பத்து வண்டி... ஆமா, மேட்டுக்குத்தான்... கடைவளாகம் பத்து மணிக்குத்தானே திறக்குது? அஞ்சு மணிக்கு அங்க யாரு நிக்கறாங்க?... தினமும்தான். ஆமா, தினமும்." போனை வைத்தார். "வரும்மா."

கைதட்டல் கிளம்பியது. முப்பத்தேழு கையை உயர்த்தி அதை நிறுத்தினாள்.

"எழுதிக் குடுங்க சார்."

"என்னது?"

"பதிலை எழுதணும்னு உங்க ஆபீஸ் போர்டுல இருக்கு. டோக்கன் இருக்கு என்கிட்ட." சாப்பாட்டு அட்டையை மேசையில் வைத்தாள். பேச்சுத் தாளைத் திருப்பி, பின்பக்கத்தை நீட்டினாள்.

இயக்குநர் எழுதினார். 'மேட்டுக் குடியிருப்பு, காலை 5.10, தினசரி.' கையெழுத்துப் போட்டார். அவள் விரல் வைத்துக் காட்டியதும் தேதியும் போட்டார். அதற்குப் பிறகு எழுந்த சத்தத்தில் நாத்தனார் அழுததை யாரும் கவனிக்கவில்லை. அவளே கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எங்க அண்ணி! எங்க அண்ணி!" என்று பக்கத்தில் நின்றவர்களையெல்லாம் கிள்ளிக்கொண்டிருந்தாள்.

நடுவர் குழுத் தலைவி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே மைக்குக்கு வந்தாள். "பஸ் ஓடுதுங்கறதுக்காக விருதுன்னு எழுதியிருந்தோம். அது தப்பு. ஓடாத பஸ்ஸை இங்க வெச்சே ஓட வெச்சாங்களே, அதுக்குக் குடுக்கறோம்" என்றாள். அறிக்கைக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

விருது என்பது கனமான ஒரு கண்ணாடிப் பலகை, கவுண்டர் ஜன்னல் மாதிரி நடுவில் ஓர் ஓட்டை. இவர்கள் அந்தத் தாளை ஆளுக்கொரு தடவை தொட்டுப் பார்த்து, நாலாக மடித்து, சாப்பாட்டு அட்டையோடு முப்பத்தேழின் இடுப்புப் பையில் பத்திரப்படுத்தி, சாப்பிட்டு, கலகலவென்று பேசிக்கொண்டே வேனில் ஏறிவிட்டார்கள். கண்ணாடி மேடையிலேயே கிடந்தது. அறிக்கைதான் அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வேனுக்குப் பின்னால் ஓடி வந்தார்.

"என்ன தம்பி அது?" என்றாள் தையல்காரம்மா ஜன்னல் வழியாக.

"விருதுக்கா!"

"அட, ஆமால்ல!"

மறுநாள் ஐந்து மணிக்கெல்லாம் முப்பத்தேழு பேரும் நிறுத்தத்தில். காலை வேலை இல்லாதவர்களும் வந்திருந்தார்கள். பெயின்டர் வந்திருந்தான். அறிக்கையும் கண்ணாடிப் பலகையோடு வந்திருந்தார். அதை எங்கே வைப்பது என்று யாருக்கும் தெரியாததால் அவர் கையிலேயே இருந்தது. ஐந்து பத்து ஆயிற்று. ஐந்து பதினொன்று. முப்பத்தேழு இடுப்புப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். ஐந்து பன்னிரண்டுக்கு வளைவில் இரண்டு விளக்கு தெரிந்தது.

அப்போது போட்ட கூச்சலில் மேட்டிலிருந்த நாய்களெல்லாம் பதில் சொல்லின. திமுதிமுவென்று ஏறினார்கள். ஏறுவதிலும் வரிசைதான். நொண்டிக்கொண்டு வந்த முப்பத்தேழு படியில் காலை வைக்கப் போகும்போது கண்டக்டர் விசில் ஊத, வண்டி கிளம்பிவிட்டது.

பழைய முப்பத்தேழு என்றால் ரோட்டிலேயே நின்று பஸ்ஸின் முதுகைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போய்த் தக்காளியோடு சண்டை போட்டிருப்பாள்.

"ஏய், நிறுத்துய்யா! இன்னும் நான் ஏறலை!"

பத்தடி தள்ளிப் பஸ் கிரீச்சென்று நின்றது. கண்டக்டர் காதைத் தேய்த்துக்கொண்டே கதவைத் திறந்தார். "ஏம்மா இந்தக் கத்து கத்தற?"

"இப்பதான் எங்க அண்ணிக்கு வாய் திறந்திருக்கு. இனிமே மூடாது, பழகிக்கோங்க" என்றாள் நாத்தனார்.

ஐந்து நாற்பத்தொன்றுக்கு முப்பத்தேழு இயந்திரத்தில் கட்டை விரலை வைத்தாள். பச்சை. அந்தப் பச்சையை ஆசை தீரப் பார்த்தாள். பக்கத்தில் மேற்பார்வையாளர் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்.

"பரவாயில்லையே, இன்னைக்கு நேரத்துக்கு வந்துட்டியே" என்றார்.

"வந்துட்டேன் சார்." துடைப்பத்தை எடுக்கப் போனவள் திரும்பி வந்தாள். ஓட்டைக் கையுறையை மேசையில் வைத்தாள். பக்கத்தில் சாப்பாட்டு அட்டையைத் திருப்பி, வெற்றுப் பக்கம் மேலே தெரிகிற மாதிரி வைத்தாள்.

"புதுக் கையுறை என்னாச்சு சார்? சொல்ல வேணாம், எழுதிக் குடுங்க."